மலைக்கு ஒரு படம், வானத்துக்கு ஒரு படம்

விடிவதற்கு அரைமணி நேரம் இருக்கும்போது ஒரு மலைக்கு எதிரே நிற்கிறீர்கள். முகட்டுக்குப் பின்னால் வானம் ஆரஞ்சும் வெளிர்நீலமுமாக வெளுத்துக்கொண்டு வருகிறது, காலடியில் கிடக்கும் பாறைகளும் புல்லும் மங்கலாகத்தான் என்றாலும் நன்றாகவே தெரிகின்றன. ஒரு படம் எடுக்கிறீர்கள். திரையில் வானம் நேரில் பார்த்த மாதிரியே இருக்கிறது, மலை மட்டும் கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டியதுபோல நிற்கிறது. சரி, வெளிச்சம் கூட்டிப் பார்ப்போம் என்று ஷட்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்து எடுத்தால் இப்போது பாறையின் வெடிப்பு வரைக்கும் தெரிகிறது, வானம் வெள்ளைத்தாள். கேமராவில் கோளாறு இல்லை, உங்கள் கையிலும் இல்லை. அந்தக் காட்சியில் இருக்கும் வெளிச்ச வித்தியாசம் ஒரே படத்துக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

அடங்காததை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அப்புறம் கம்ப்யூட்டரில் ஒரே படமாகச் சேர்ப்பதைத்தான் எக்ஸ்போஷர் பிளெண்டிங் என்கிறார்கள். வானத்துக்கு அளவாக எடுத்ததிலிருந்து வானம், நிலத்துக்கு அளவாக எடுத்ததிலிருந்து நிலம். நான் இதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த காலத்தில் மென்பொருளில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதையே தேடிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது கேட்டால், முதலில் முகட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். வானமும் மலையும் தொட்டுக்கொள்ளும் அந்தக் கோணல்மாணலான கோட்டில்தான் இரண்டு படங்களும் சந்திக்கப் போகின்றன. எதை எப்போது எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது, எங்கே காரியம் கெடும் என்பதெல்லாம் அந்தக் கோட்டிலிருந்தே வருகிறது.

உங்கள் போனில் இருக்கும் ஹெச்டிஆரும் நைட் மோடும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் உங்களைக் கேட்காமலே செய்துகொண்டிருக்கின்றன. பல படங்களை மடமடவென்று எடுத்துச் சேர்த்துவிடுகின்றன. நாமே செய்வதில் என்ன லாபம் என்றால், எந்தப் பகுதி எவ்வளவு இருட்டாக இருக்கவேண்டும் என்ற முடிவு நம்முடையதாக இருக்கும்.

ஸ்டாப் என்ற சொல்லை மட்டும் முதலில் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் அதன்மேல் ஏறிக்கொள்ளும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இரண்டு ஸ்டாப் நான்கு மடங்கு, மூன்று என்றால் எட்டு, பத்து ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. ஷட்டர் 1 நொடியிலிருந்து 2 நொடிக்குப் போனால் ஒரு ஸ்டாப் கூடுகிறது, கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டவேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 800லிருந்து 1600க்குப் போனாலும் படம் ஒரு ஸ்டாப் பிரகாசமாகிறது. இன்றைய நல்ல ஃபுல் ஃபிரேம் சென்சார் ஒன்று, மிகக் குறைந்த ஐஎஸ்ஓவில் வைத்தால், 12லிருந்து 14 ஸ்டாப் வரைக்கும் ஒரே படத்தில் பிடித்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவைக் கூட்டக்கூட இந்தக் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே போகும். இரவில் நமக்கு ஐஎஸ்ஓவைக் கூட்டாமல் வழியில்லை, ஆக எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் கையில் குறைவாக இருக்கும்.

நம் கண் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கும்போது அதற்கேற்ப ஒருமாதிரி, நிலத்தைப் பார்க்கும்போது வேறுமாதிரி என்று தன்னை மாற்றிக்கொண்டே இருக்கிறது, மூளை அதையெல்லாம் தைத்து ஒரே காட்சி என்று நம்மை நம்பவைக்கிறது. அப்படிப் பார்த்தால் பிளெண்டிங் ஒன்றும் பெரிய ஏமாற்று வேலை இல்லை, தினமும் மண்டைக்குள் நடப்பதுதான். ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு இது தேவைதானா? சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்திருந்தால், வானம் வெளிறாத அளவுக்கு இருட்டாக எடுத்த ஒரே படத்தில் நிழல்களை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கிப் பாருங்கள். சூரியன் சட்டகத்துக்குள் இல்லாத பல விடியல் காட்சிகளில் அதுவே போதும், படங்களை அடுக்கி ஒட்டும் வேலையே வேண்டாம். தூக்கிய பகுதியில் பொடிப்பொடியாக நாய்ஸ் என்னும் புள்ளிக் குப்பை கிளம்பி, நிறம் ஊதாவாகவோ பச்சையாகவோ திரும்ப ஆரம்பித்தால் மட்டும் இரண்டாவது படம் வேண்டும் என்று அர்த்தம். ஆனால் இதை வீட்டில் உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க முடியும் என்பதால், மலையில் இருக்கும்போது எதற்கும் இரண்டாவது படத்தையும் எடுத்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இந்தச் சிக்கல் டிஜிட்டலோடு வந்ததில்லை. 1850களில் கண்ணாடித் தகட்டில் பூசிய, ஒளியை உணரும் கொல்லோடியன் என்ற ரசாயனப் பூச்சு, நீல ஒளிக்கு மட்டும் அளவுக்கு மீறிக் கூசியது. கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் மொட்டை வெள்ளையாகிவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடலை ஒரு தகட்டிலும் மேகத்தை இன்னொரு தகட்டிலும் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். ஒட்டு எங்கே விழுந்தது தெரியுமா? தொடுவானத்தில். கடலின் தொடுவானம் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக இருக்கும், அதில் ஒட்டை ஒளித்துவிடலாம். மலைக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால்தான் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் அந்த மேல்பாதி கறுப்பு, கீழ்பாதி தெளிவான கிராஜுவேட்டட் ஃபில்டரும் மலையில் பாதி வேலைதான் செய்கிறது. ஃபில்டரில் கறுப்பு முடியும் இடம் ஒரு நேர்கோடு, முகடோ அந்தக் கோட்டைத் தாண்டி வானத்துக்குள் குத்திக்கொண்டு நிற்கிறது, வானத்தை இருட்டாக்கும் ஃபில்டர் சிகரத்தின் தலையையும் சேர்த்து இருட்டாக்கிவிடுகிறது. முதல் வெயில் பட்டுச் சிவக்கவேண்டிய உச்சி, புகைபிடித்த சட்டிபோல ஆகிவிடும். கடற்கரையில் எடுப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், மலைக்கு அதைச் சுமந்து ஏறாதீர்கள்.

விடியலில்

விடியல் காட்சிதான் கற்றுக்கொள்ளச் சுலபம். முக்காலியில் கேமராவை வைத்து, அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு), ஐஎஸ்ஓ, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாவற்றையும் கையால் நிலைநிறுத்திவிட்டு ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றி மாற்றி எடுக்கவேண்டும். அபெர்ச்சரை மாற்றினால் எவ்வளவு தூரம் கூர்மையாக இருக்கிறது என்பதும் மாறிவிடும், அப்புறம் முகட்டில் இரண்டு படமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. பெரும்பாலான கேமராக்களில் இதற்கென்றே ஆட்டோ பிராக்கெட்டிங் இருக்கிறது. மூன்று படம், இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளி என்று வைத்தால் ஒன்று இருட்டு, ஒன்று நடுத்தரம், ஒன்று வெளிச்சம் என்று வரிசையாக எடுத்துவிடும். இரண்டு நொடி டைமர் போட்டுக்கொள்ளுங்கள், விரல் பட்ட அதிர்வு அடங்கிவிடும். லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் முக்காலியில் அதை அணைத்துவிடுவது நல்லது.

எந்த அளவில் எடுப்பது என்பதற்குத் திரையில் தெரியும் படத்தை நம்பவே கூடாது. இருட்டில் அந்தத் திரை எதையுமே பிரகாசமாகத்தான் காட்டும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம் அது. இருட்டான படத்தில் வலதுபக்கச் சுவரில் எதுவும் மோதி நிற்கக்கூடாது, அதாவது வானத்தின் மிகப் பிரகாசமான இடத்தில்கூட நிறம் மிச்சம் இருக்கவேண்டும். வெளிச்சமான படத்தில் இடதுபக்கச் சுவரில் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடாது, வானம் வெந்துபோனாலும் கவலையில்லை. இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் நடுவில் உள்ளவை உங்கள் சௌகரியத்துக்கு. பெரும்பாலான காட்சிகளில் கடைசியில் இரண்டு படங்களையே பயன்படுத்துகிறேன், ஏழு ஒன்பது என்று எடுத்துக் குவிப்பதெல்லாம் மெமரி கார்டு விற்பவருக்குத்தான் நல்லது.

ஆனால் ஒன்று, விடியல் காத்திருக்காது. சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே இருக்கும்போது தரையில் விழும் வெளிச்சம் 3 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) சற்று மேல், உதிக்கும் நேரத்தில் சுமார் 400 லக்ஸ். ஏறக்குறைய ஏழு ஸ்டாப். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக ஏறுவதால் இந்த 6 பாகையை 24 நிமிடத்தில் தாண்டிவிடும், அதாவது மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். துருவங்களை நோக்கிப் போகப்போகச் சூரியன் சாய்வாக ஏறும், விடியல் நீண்டுகொண்டே போகும். எப்படியிருந்தாலும் ஒரு தொகுதிப் படங்களை ஒரே மூச்சில் எடுத்துவிடவேண்டும். இருட்டுப் படத்தை எடுத்துவிட்டு, தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வெளிச்சப் படத்தை எடுத்தால், இரண்டிலும் இருக்கும் வெளிச்சத்தின் குணமே வேறாகியிருக்கும், மேகமும் ஒரு முகட்டைத் தாண்டிப் போயிருக்கும்.

லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் இந்த மூன்று படங்களையும் கொடுத்து ஹெச்டிஆராகச் சேர்க்கச் சொன்னால் அதுவே ஒரு பெரிய ஃபைலாகச் சேர்த்துத் தரும். தொடங்குகிறவர்கள் விடியல் படங்களுக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஒன்றும் இழுக்கில்லை. காற்றில் ஆடும் செடியோ நகரும் மேகமோ இருந்தால் மட்டும் இரட்டையாகத் தெரியும் பேய்த்தடங்களைக் கவனியுங்கள். இரவுப் படங்களுக்கு இது ஒத்துவராது. காரணம் தலைக்கு மேலே இருக்கும் வானம், அது சும்மா இருப்பதில்லை.

இரவில்

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் வானத்தில் மணிக்கு 15 பாகை நகர்கின்றன, நொடிக்கு 15 வில்விநாடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி). ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதற்கு 500 விதி என்று ஒன்று வழக்கத்தில் இருக்கிறது: 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது நொடிக்கணக்கு. 20 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 25 நொடி. ஃபிலிம் காலத்துக்குப் பரவாயில்லை, இன்றைய சென்சாருக்கு இது கொஞ்சம் தாராளம். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் இதே லென்ஸை மாட்டினால் ஒரு பிக்சலுக்குள் சுமார் 62 வில்விநாடி வானம் அடங்கும். 25 நொடியில், வான நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நட்சத்திரம் 375 வில்விநாடி போயிருக்கும், அதாவது ஆறு பிக்சல் நீளக் கோடு. போனில் பார்க்கிறவருக்குத் தெரியாது, பெரிதாக அச்சடித்தால் நட்சத்திரங்களெல்லாம் அரிசிமணிபோல இருக்கும். நான் 10லிருந்து 15 நொடிக்கு மேல் போவதில்லை.

ஆக வானத்துக்கு அபெர்ச்சர் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 நொடி என்று ஒரு அளவு வைத்துக்கொள்வோம். இதே படத்தில் நிலவில்லாத இரவின் மலை எப்படி வரும்? கறுப்பு. அந்தக் கறுப்பைத் தூக்கினால் வருவது வெறும் நாய்ஸ். மலை நகராது என்பதுதான் இங்கே நமக்குக் கிடைத்த வரம். நட்சத்திரத்துக்கு இருக்கும் அவசரம் பாறைக்கு இல்லை. அதனால் நிலத்துக்கு ஐஎஸ்ஓவை 800க்கு இறக்கி, ஷட்டரை 4 நிமிடம் திறந்து வைக்கலாம். 15 நொடிக்கும் 4 நிமிடத்துக்கும் 16 மடங்கு வித்தியாசம், நான்கு ஸ்டாப் கூடுதல் ஒளி சென்சாருக்குக் கிடைக்கிறது. ஐஎஸ்ஓ இறங்கியதில் இரண்டு ஸ்டாப் போனாலும் படம் இன்னும் இரண்டு ஸ்டாப் வெளிச்சமாக, முக்கியமாக மிகச் சுத்தமாக, இருக்கும். அந்தப் படத்தின் வானத்தில் நட்சத்திரங்கள் கோடுகோடாக இழுத்துக்கிடக்கும், இருக்கட்டும், அந்த வானம் நமக்கு வேண்டாம்.

நீண்ட எக்ஸ்போஷர்களில் சென்சார் சூடாகிச் சிவப்பு, நீலப் புள்ளிகள் அங்கங்கே பூத்திருக்கும். அதற்காகக் கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதி இருக்கிறது. அது என்ன செய்கிறதென்றால், 4 நிமிடப் படத்தை எடுத்து முடித்தபின் ஷட்டரை மூடிக்கொண்டே இன்னொரு 4 நிமிடப் படம் எடுத்து, அதில் தெரியும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் விடியல் நெருங்கும் நேரத்தில் ஒரு படத்துக்கு எட்டு நிமிடம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். வானத்துப் படங்களுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

வானத்தின் நாய்ஸைக் குறைக்க வேறு வழி, ஒரே அளவில் பத்துப் பதினைந்து படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சராசரியாக்குவது. நாய்ஸ் ஒவ்வொரு படத்திலும் இஷ்டத்துக்கு வேறுவேறு இடத்தில் விழுகிறது, நட்சத்திரம் அப்படியில்லை, அதனால் சராசரி எடுக்கும்போது நாய்ஸ் மட்டும் கரைகிறது. 4 படம் சேர்த்தால் பாதியாகும், 16 படம் சேர்த்தால் கால்வாசியாகும். விண்டோஸில் சீக்வேட்டர், மேக்கில் ஸ்டாரி லேண்ட்ஸ்கேப் ஸ்டாக்கர் இதைச் செய்யும். இங்கேயும் முகடு குறுக்கே வரும்: நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் மலை கலங்கும், மலையைப் பொருத்தினால் நட்சத்திரம் இழுபடும். அதனால்தான் எது வானம் எது நிலம் என்று அந்த மென்பொருளும் முதலில் உங்களைக் கோடு போட்டுக் காட்டச் சொல்கிறது.

ஃபோகஸ் பற்றி ஒரு சின்னக் கணக்கு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. காட்சியை நேரடியாகத் திரையில் காட்டும் லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, அங்கேயே டேப் ஒட்டிவிடுங்கள். 20 மில்லிமீட்டரில் எஃப் 2.8 வைத்து இப்படி எடுத்தால் சுமார் 5 மீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் கூர்மை. உங்கள் முன்னால் இருக்கும் பாறை அதைவிடக் கிட்டத்தில் இருந்தால், நிலத்துப் படத்துக்கு வளையத்தைத் தொடாமல் அபெர்ச்சரை மட்டும் எஃப் 8க்குக் கொண்டுபோங்கள் (எண் கூடினால் துளை சிறிதாகும்), 1.7 மீட்டரிலிருந்தே கூர்மையாகிவிடும். அபெர்ச்சரை மாற்றாதே என்று சற்றுமுன் சொன்னேனே என்கிறீர்களா? இங்கே வேறு வழியில்லாததால் இரண்டு தீமையில் சின்னதைத் தேர்ந்தெடுக்கிறோம். வளையத்தைத் திருப்பினால் பல லென்ஸ்களில் காட்சியே ஒரு மயிரிழை பெரிதாகும் அல்லது சிறிதாகும், அப்போது இரண்டு முகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது. அபெர்ச்சரில் அந்தத் தொல்லை கிடையாது, தூரத்து முகடு இரண்டு படத்திலும் கூர்மையாகவே இருக்கும்.

ஒரே இடம், இரண்டு நேரம்

மேலே சொன்ன 4 நிமிட வித்தைக்குப் பதிலாக, எனக்குப் பிடித்த முறை இது. இரவின் கடைசியில் வானத்தை எடுத்துவிட்டு, முக்காலியை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்து, நீலம் கலந்த முதல் வெளிச்சம் நிலத்தில் பரவும்போது அதே சட்டகத்தில் நிலத்தை எடுப்பது. டைம் பிளெண்டிங் என்பார்கள். மாலையானால் வரிசை தலைகீழ்: முதலில் நிலம், இருட்டிய பிறகு வானம். அந்த நீல நேரத்தில் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 20 நொடி என்ற அளவிலேயே பாறை, புல், ஓடை எல்லாம் சுத்தமாக வந்துவிடும், நிழலும் மென்மையாக இருக்கும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நீல நேரத்துப் படத்தில் வானம் வெளிறியும் மலை கறுத்தும் இருப்பதால், முகட்டுக் கோடு கத்தியால் வெட்டியதுபோலத் தெரியும். மாஸ்க் செய்வதற்கு, அதாவது எந்தப் படம் எங்கே தெரியவேண்டும் என்று பிரித்துக்காட்டுவதற்கு, அதைவிட நல்ல படம் கிடைக்காது. நள்ளிரவுப் படத்தில் இருட்டோடு இருட்டாகக் கிடக்கும் முகட்டை மென்பொருளால் கண்டுபிடிக்க முடியாமல் நீங்கள் பிக்சல் பிக்சலாகத் தடவவேண்டியிருக்கும். நிலம் வேறு படத்திலிருந்துதான் வரப்போகிறது என்றாலும், முகட்டுக்காகவே நீல நேரத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் முக்காலி அசையாமல் இருக்கவேண்டும் என்பதுதான் இதன் விலை. ஒருமுறை காற்றுக்குப் பாரமாக இருக்கட்டும் என்று முக்காலியின் நடுக்கொக்கியில் பையைத் தொங்கவிட்டேன், நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காற்றில் பை ஊசலாட ஆரம்பித்து, சரளைக்கல்லில் ஊன்றியிருந்த ஒரு கால் அரை அங்குலம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு படத்தையும் அடுக்கிப் பார்த்தபோதுதான் மலைக்கு இரண்டு முகடு இருப்பது தெரிந்தது. ஃபோட்டோஷாப்பில் தானாகப் பொருத்தும் வசதி இருக்கிறது, சின்ன நகர்வுகளைச் சரிசெய்துவிடும், ஆனால் கிட்டத்துப் பாறையும் தூரத்து முகடும் வேறுவேறு அளவு நகர்ந்திருந்தால் அதனாலும் முடியாது. பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். பனியில் ஊன்றினால் மிதித்து இறுக்கிவிட்டு ஊன்றுங்கள். லென்ஸில் பனித்துளி படிகிறதா என்று நடுவே பார்க்கவேண்டும், துடைக்கும்போது வளையம் திரும்பிவிடாமல் பார்க்கவும் வேண்டும்.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்று கேட்டேனே, இங்கேதான். முக்காலி நின்ற இடமும் பார்த்த திசையும் ஒன்றாக இருந்து, அந்த வானம் உண்மையிலேயே அந்த முகட்டுக்கு மேல் இருந்ததென்றால், அது அந்த இரவின் படம். வேறு எங்கோ எடுத்த பால்வீதியை வடக்கே பார்த்த மலைக்கு மேல் ஒட்டுவது வேறு தொழில். தெரியாமல் நடக்கும் பொய்யும் உண்டு. சூரியன் 18 பாகைக்குக் கீழே இருக்கும்வரை வானம் முழு இருட்டு, 12 பாகையை எட்டுவதற்குள் பால்வீதி வெளிறிக் காணாமல் போகத் தொடங்கிவிடும். உச்சி சிவந்து தகதகக்கும் நேரத்தில் பால்வீதியை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அப்படி ஒட்டிய படத்தைப் பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் இருக்கலாம், ஆனாலும் ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடும். நிலத்தை எடுக்கும் நேரத்தில் மலையின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாகவில்லையா, வெதுவெதுப்பான நிறம் ஏறவில்லையா என்று பாருங்கள். ஏறிவிட்டது என்றால் அந்த நிலம் இரவு வானத்தோடு சேராது.

முகட்டை ஒட்டுவது

மாஸ்க் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. கோலப்பொடி போடும் துளைத்தட்டு மாதிரிதான்: துளை இருக்கும் இடத்தில் பொடி விழும், இல்லாத இடத்தில் விழாது. இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று லேயராக வைத்து, மேலே இருப்பதற்கு ஒரு மாஸ்க் கொடுத்தால், அதில் வெள்ளை பூசிய இடத்தில் மேல்படம் தெரியும், கறுப்பு பூசிய இடத்தில் கீழ்ப்படம் தெரியும், சாம்பல் என்றால் இரண்டும் கலந்து தெரியும். ஃபோட்டோஷாப்பில் வானத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, இலவசமான ஜிம்ப்பிலும் லேயர் மாஸ்க் உண்டு.

தொடங்குகிறவர்களின் படங்களில் பத்தில் எட்டிலாவது ஒரு குற்றம் இருக்கும்: முகட்டை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. எங்கிருந்து வருகிறது? நிலத்துக்காக எடுத்த படத்தில் வானம் அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறது, அந்தப் பிரகாசம் லென்ஸுக்குள் சிதறி முகட்டின் ஓரத்தில் சில பிக்சல் அளவுக்கு வழிந்து படிந்திருக்கிறது. நீங்கள் மாஸ்க்கை எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் அந்த வழிசலையும் சேர்த்துத்தான் வெட்டுகிறீர்கள். மாஸ்க்கின் விளிம்பை மிருதுவாக்கினால் மறையும் என்று நினைப்போம், மேலும் மோசமாகும், வெந்த வானம் மேல்நோக்கிப் புகைபோலக் கசியும்.

நான் செய்வது என்னவென்றால், முகட்டின் கடைசி ஓரத்தை வானத்துப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தில் முகடு கறுப்பாக இருக்கும், இருக்கட்டும். மாஸ்க்கின் எல்லையை முகட்டுக்குச் சில பிக்சல் கீழே இறக்கி, அங்கிருந்து மலையின் உடம்புக்குள் கீழ்நோக்கி மட்டும் மெதுவாக வெளிச்சம் கூடும்படி பெரிய, மிருதுவான பிரஷ்ஷால் பத்து இருபது சதவீத அழுத்தத்தில் பலமுறை தடவுகிறேன். மேல்நோக்கி ஒரு பிக்சல்கூட மிருது கூடாது, கீழ்நோக்கி எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். பின்னால் வெளிச்சம் இருக்கும் மலையின் ஓரம் நேரில் பார்த்தாலும் கறுத்துத்தான் தெரியும், அதனால் கண்ணை உறுத்தாது. மிச்சம் தெரியும் கோட்டுக்கு, முகட்டை மட்டும் பிரஷ்ஷால் தொட்டு, இரண்டு படத்தில் எது இருட்டோ அதையே வைத்துக்கொள்ளும் டார்க்கன் முறையில் கலக்கலாம்.

முகட்டில் மரங்கள் இருந்தால் இதெல்லாம் இருமடங்கு வேலை, இலைகளுக்கு நடுவே வானம் பொட்டுப்பொட்டாகத் தெரியும். அங்கே கையால் பூசிப் பயனில்லை, படத்தின் வெளிச்ச அளவிலிருந்தே மாஸ்க்கைச் செய்யும் லுமினாசிட்டி மாஸ்க் முறைதான் கைகொடுக்கும். பிரகாசமான பிக்சல் எல்லாம் தானாக வெள்ளையாகவும், இருண்டவை கறுப்பாகவும் ஆகிவிடுவதால் ஒவ்வொரு இலையையும் சுற்றி நீங்கள் வரையவேண்டாம். முகட்டில் மூடுபனி தவழ்ந்தால் நிலைமை நேர்மாறு, கோடே இல்லை, எவ்வளவு பெரிய மிருதுவான பிரஷ்ஷும் பொருந்தும். பனிமூட்டமுள்ள காலையில் எடுத்ததைச் சேர்ப்பதுபோல சுகமான வேலை வேறில்லை.

அப்புறம் எவ்வளவு வெளிச்சம் என்ற கேள்வி. நிலத்துப் படம் அழகாக வந்துவிட்டதே என்று அதை முழுசாகக் காட்டத் தோன்றும், நான் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன், எல்லாம் மேடை நாடகத்துத் திரைச்சீலைபோல இருக்கின்றன. பனி மூடியிருந்தாலொழிய, நிலம் அதற்கு மேலிருக்கும் வானத்தைவிட இருட்டாகத்தான் இருக்கும். ஏரியில் தெரியும் வானத்தின் பிம்பமும் வானத்தைவிடப் பிரகாசமாக இருக்கவே முடியாது. இரவுப் படத்தில் பாறை இருப்பது தெரிந்தால் போதும், பாசியின் நிறம் தெரியவேண்டியதில்லை. முடித்த படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், வானமும் நிலமும் இரண்டு துண்டாகத் தெரிந்தால் நிலத்து லேயரின் ஒபாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதை, 60, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதல் முயற்சிக்கு நட்சத்திரமெல்லாம் வேண்டாம். சூரியன் சட்டகத்துக்குள் வராத ஒரு சாதாரண விடியலில், மூன்று படம், இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளி, அதில் இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக் கையால் சேர்த்துப் பாருங்கள். மரமில்லாத மொட்டை முகடாகத் தேடிக்கொள்ளுங்கள்.